தேயிலைப் பெட்டிக் கணினி

பெட்டிக்குள் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. கடையில் மூன்று முறை ஓடவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உறுதி செய்திருந்தேன். மின்சாரம் இல்லாத இடத்தில் அந்தக் கணினி இருபத்தைந்து நிமிடம் ஓடும். அதற்குள் நான் ஒரு மலையைத் திருப்பிக் காட்ட வேண்டும். பார்க்க வருகிறவர் நம்பிவிட்டால் எங்கள் லயத்தின் ஏழு குடும்பங்களும் மழைக்கு முன்னே வேறிடம் போகலாம். நம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்காமலிருக்கத்தான் நான் அந்த மூன்று வாரமும் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தேன்.

அது 2007ஆம் ஆண்டு ஒக்டோபர். பதுளைப் பஜாரில் ஜுனைதீன் நானாவின் கணினிக் கடையில் எனக்கு வேலை. பழுதுபார்ப்பது பாதி, வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் கீறிக் கொடுப்பது மீதி. இன்னும் அத்திவாரம்கூட வெட்டாத வீட்டைத் திரையில் எழுப்பி நாலு பக்கமும் திருப்பிக் காட்டுவேன். ஆட்கள் தங்கள் வருங்கால வீட்டின் பின்வாசலைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

எங்கள் லயம் தெமோதரைக்கு மேலே, ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஏழு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. பின்னால் மண்மேடு, மேட்டுக்கு மேல் நாலாம் நம்பர் தேயிலை மலை. போன டிசம்பரில் எங்கள் ஐந்தாம் காம்பராவின் தரையில், அம்மிக்குப் பக்கத்தில், மயிர்க் கனத்தில் ஒரு கோடு விழுந்தது. அம்மா சாணியும் செம்மண்ணும் குழைத்து மெழுகினாள். ஒரு வாரத்தில் கோடு திரும்ப வந்தது. வெள்ளிக்கிழமை மறுபடி மெழுகினாள்.

நான் கடையின் கமெராவைக் கொண்டுவந்து, மெழுகுவதற்கு முந்திய மாலைகளில், கோட்டின் பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுக்கத் தொடங்கினேன். பிறகு மற்றக் காம்பராக்களுக்கும் போய்க் கேட்டேன். எல்லாத் தரையிலும் இருந்தது. எல்லோரும் குரலைத் தாழ்த்தி ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

"பக்கத்துல சொல்லிறாத புள்ள."

ஒவ்வொரு வீட்டுக்காரரும் தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியாமல் பின்மேட்டை வெட்டி, சமைக்க ஒரு குசினி எடுத்திருந்தார்கள். வெடிப்பு வெளியே தெரிந்தால் பழி தங்கள் மண்வெட்டி மேல்தான் விழும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயந்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏழு வீட்டின் ரகசியத்தையும் வைத்துக்கொண்டு அந்த நீள இஸ்தோப்புத் திண்ணை வழியாகத் தினமும் பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஜூன் மாதம் மண்சரிவு பார்க்கும் உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். பெயர் அம்பலவாணர், யாழ்ப்பாணத்துக்காரர். பெரிய ஆள் வருகிறார் என்று லயம் முழுவதும் முந்திய நாளே மெழுகி, சுண்ணாம்படித்து, வாசலில் கோலமும் போட்டாயிற்று. அவர் குடையை ஊன்றி ஏழு காம்பராவையும் பார்த்தார். "நிலத்தில் வெடிப்புக் காணப்படவில்லை" என்று எழுதிக்கொண்டு போனார். அதில் பொய் இல்லை. அவர் கண்ணுக்கு எதுவும் காணப்படவில்லை.

நான் படங்களை அச்சடித்து அவருடைய கந்தோருக்கே கொண்டுபோனேன். மேசையில் பரப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, இது ஒரு தரையோ, ஏழு தரையோ எண்டு நான் என்னெண்டு சொல்லுறது? பதுளையில எந்த வீட்டுத் தரையும் இப்பிடித்தான் கிடக்கும்."

அவர் சொன்னது சரிதான். தனித்தனியாகப் பார்த்தால் அவை வெறும் தரைகள். அதனால் நான் மலையைச் செய்தேன். கயிறு, கொத்தனாரின் நீர்மட்டக் குழாய், அம்மாவின் உதவி. நாலாம் நம்பர் மலையின் சரிவை அடி அடியாக அளந்து கணினியில் ஏற்றினேன். லயத்தை அதில் நிறுத்தினேன். ஒவ்வொரு தரைக்கும் அதன் கோட்டைச் சிவப்பில் இட்டேன், மாதம் மாதமாக. கடைசியில் தேயிலைக்குள், செடிகளின் தூர் மூட்டில் கிடந்த பிளவையும் சேர்த்தேன். அன்று திரையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏழு கோடுகள் இல்லை. ஒன்றுதான். முதலாம் காம்பராவில் தொடங்கி, ஏழாவதில் வெளியேறி, மேலே வளைந்து, குதிரை லாடத்தைப் போல எங்கள் லயத்தையே பிடித்திருந்தது.

அந்த மலையை நானாவின் மடிக்கணினி தாங்கவில்லை. பாதி திரும்பி நின்றுவிடும். கடையின் பெரிய கணினியில்தான், படங்களுக்கென்றே தனியட்டை போட்ட அதில்தான், மலை தடையில்லாமல் சுழன்றது. அதை அப்படியே தூக்கிப் போகவும் முடியாது. கண்ணாடித் திரையே ஒரு மூட்டை கனம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்கு ஒரு மைல் ஏற்றம். அம்பலவாணர் ஒக்டோபர் பதினேழாம் திகதி கடைசியாக ஒருமுறை வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு மழைக்காலம்.

"கழட்டு, ஆனா திரும்பப் பூட்டித் தா" என்றார் நானா.

பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைக் குறுக்கி அறுத்தேன். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை நகம் வலிக்க உரித்தேன். ஒரு துண்டு மிஞ்சினாலும் மின்சாரம் பாய்ந்து எல்லாம் கருகிவிடும். தாய்ப்பலகையை அடியில் படுக்கவைத்தேன். அதன் மேல் அந்தப் பட அட்டை, பக்கத்தில் ஹார்ட் டிஸ்க். மூடியின் உட்புறம் ஒரு தட்டைத் திரை, உடைந்த ஒன்றிலிருந்து கழற்றியது. மீதி இடத்தில் பழைய யூ.பி.எஸ். ஒன்றின் குடலும் இரண்டு பேட்டரியும். காற்றுக்கு இரண்டு விசிறிகள். மூடியைத் தூக்கினால் திரை, மூடினால் பெட்டி. பதினான்கு கிலோ.

நானா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூச்சு விட்டார்.

"இத மடியில வெச்சா முட்டி ரெண்டும் கழண்டுரும். என்னா பேரு வெக்கப் போறே, நிரஞ்சலா?"

"பேரு வேணாம் நானா. ஓடினாச் சரி."

"ஓடும். செக் பொயின்ட்ல ஒன்ன ஓட வெக்காம இருந்தாச் சரி."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் சிரிப்பு முடிவதற்குள் இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தோம். பலகைப் பெட்டி. வயர். பேட்டரி. யுத்த காலம், கொண்டுபோகிறவள் தமிழ்ப் பெண். நானா உள்ளே போய், கடையின் பெயர் அச்சடித்த தாளில் இது கணினிதான் என்று சிங்களத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

முந்திய இரவு நானாவின் வீட்டிலேயே தங்கிவிட்டு, பதினேழாம் திகதி காலை நான் ஏறிய பஸ்ஸைப் பாலத்தருகே நிறுத்தினார்கள். எல்லோரும் பையோடு இறங்கி வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது இராணுவச் சிப்பாய் பெட்டியைத் துப்பாக்கியால் தொடாமல் சுட்டிக்காட்டினான்.

"மேக்க மொகத்த?" என்ன இது?

கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தான். மூடியைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சத்தமில்லாமல் விலகுவது காலடி ஓசையில் தெரிந்தது. சிப்பாயும் நாலடி பின்னால் போய், போட்டுக் காட்டு என்று கையசைத்தான்.

போட்டால் நிமிடங்கள் போகும். போடாமல் எப்படி?

பொத்தானை அமுக்கினேன். விசிறிகள் சுற்றின. மின்சாரம் இல்லாததால் யூ.பி.எஸ். பத்து விநாடிக்கு ஒருமுறை கீ என்று கத்தியது. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சிப்பாயின் முகம் மாறியது. இன்னொருவன் ஓடிவந்தான். நான் இரண்டு கையையும் பெட்டியிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு, கொம்பியூட்டர் கொம்பியூட்டர் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. திரை வெளிச்சம் வர இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடமும் ஆற்றுத் தண்ணீர் மட்டும் கேட்டது.

அவர்களுக்கு அது போதவில்லை. நான் மலையைத் திறந்தேன். பச்சைச் சரிவு மெல்லச் சுழன்றது. முதல் சிப்பாய் குனிந்து பார்த்தான். தோள்கள் இறங்கின.

"கேம் எக்கக்த?" விளையாட்டா என்று கேட்டான்.

ஆமென்று தலையாட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே போகச் சொன்னான். நான் அணைத்தபோது பதினொரு நிமிடம் போயிருந்தது. மிச்சம் பதினான்கு. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை.

தெமோதரைச் சந்தியில் அம்மா நின்றாள், கொழுந்துக் கூடையுடன். அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி, போதுமென்று மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். பெட்டியைக் கூடைக்குள் இறக்கி, தலையில் கொங்காணிச் சாக்கை மடித்துப் போட்டு, கூடைக் கயிற்றை அதன்மேல் மாட்டி எழும்பினாள்.

"கனமா இருக்காம்மா?"

"ஈரக் கொழுந்து இத விடக் கனம். நீ முன்னால நட. நின்னு நின்னு திரும்பிப் பாக்காத, எனக்குத்தான் கால் தடுக்குது."

திரும்பிப் பார்க்காமல் நடக்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு படிக்கட்டிலும் பெட்டி கூடைக்குள் இடிபடும் சத்தத்தை என் பல்லில் கேட்டேன். வானம் தெளிவாகத்தான் இருந்தது. கிழக்கே நமுனுகுல மலையின் தலையில் மட்டும் கறுப்பு.

லயத்துக்கு இன்னும் ஐம்பது அடி இருக்கும்போதே மணம் வந்துவிட்டது. புதுச் சாணி.

நான் ஒவ்வொரு வீடாகப் போய்க் கெஞ்சியிருந்தேன். இந்த ஒரு வாரம் மட்டும் மெழுகாதீர்கள், வெடிப்பு அப்படியே கிடக்கட்டும் என்று. எல்லோரும் சரி என்றிருந்தார்கள். இப்போது ஏழு தரையும் ஈரமாகப் பளபளத்தன. ஆறாம் காம்பராவின் வாசலில் மாரியாயி அத்தை கோலத்துக்குக் கடைசிப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, நான் என்னா சொன்னேன்?"

"சொன்ன. ஆனா பெரிய ஆளு வர்றப்ப வீட்ட நாறப் போட்டு வெச்சிருப்பாங்களா? தோட்டத்து ஆளுக இப்படித்தான்னு நெனச்சிற மாட்டாரா? ஒங்கம்மாவும்தான் மெழுகியிருக்கா, அவளக் கேளு."

அம்மாவைப் பார்த்தேன். அவள் கூடையை இறக்கிவைத்துக் கயிற்றைச் சுருட்டினாள்.

"எல்லா வீடும் மெழுகியிருக்கும்போது ஒரு வீடு மட்டும் அப்படியே கெடந்தா கண்ணுல குத்தும்ல" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அவளோடு கோபிக்க எனக்கு நேரமில்லை. இஸ்தோப்பில் பெட்டியைத் திறந்து, போன நிமிடங்களை நிரப்பலாமென்று எங்கள் காம்பராவின் கரண்டில் செருகினேன். யூ.பி.எஸ். டக் என்றது. மறுபடி டக். கரண்டை ஏற்க மறுத்தது. நிமிர்ந்து பார்த்தேன். பல்ப் வாழைப்பழ நிறத்தில் எரிந்தது. கீழே தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறிகளைப் போட்டுவிட்டார்கள். அது ஓடும் நேரமெல்லாம் லயத்துக்கு வருவது அரைக் கரண்ட்தான். அந்த மங்கல் வெளிச்சத்தில் படித்து வளர்ந்தவள் நான். பதுளையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தவள் இதை மறந்திருந்தேன்.

பதினான்கு நிமிடம்தான். அம்பலவாணர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பத்தரை, பதினொன்று. பெட்டியைத் தொடாமல் அதன் பக்கத்தில் குந்தியிருந்தேன். ஆட்கள் கூடினார்கள். மாரியாயி அத்தையின் புருஷன் வீரய்யா மாமா எட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா மலய வெச்சிருக்க? நாலாம் நம்பர்ல நாளைக்கு உரம் போடணும், மறக்காம திருப்பிக் குடுத்துரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

பதினொன்றரைக்கு அம்பலவாணர் குடையோடு ஏறி வந்தார். மூச்சு வாங்கிற்று. ஏழு காம்பராவையும் ஒருமுறை சுற்றிவிட்டு, ஈரத் தரையை மிதிக்காமல் வாசலில் நின்றே பார்த்துவிட்டு, கோப்பைத் திறந்தார்.

"சேர், எழுதறதுக்கு முன்னால பத்து நிமிசம்" என்றேன்.

பெட்டியைப் போட்டேன். கீ. கீ. திரை வந்தது. மலை வந்தது. டிசம்பரிலிருந்து மாதங்களைத் தள்ளினேன். கோடுகள் தடித்தன, நீண்டன, ஒன்றையொன்று தொட்டன. மலையைச் சுழற்றி மேலிருந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வடிவாத்தான் செய்திருக்கிறீர்" என்றார். உண்மையாகவே சொன்னார். "ஆனா பிள்ளை, இது நீர் கீறினது. நான் கண்ணால கண்டதைத்தான் எழுதலாம். இஞ்ச தரையில ஒண்டும் இல்லையே. நாளைக்கு மேலிடத்தில கேட்டா, பெட்டிக்குள்ள கண்டனான் எண்டு சொல்ல ஏலுமே?"

கீ என்ற சத்தம் இப்போது ஐந்து விநாடிக்கு ஒருமுறை வந்தது. ஏழு பேருக்குக் கொடுத்த வாக்கை எல்லோர் முன்னும் உடைத்துத் திரையில் போட்டிருந்தேன். அதுவும் வீண். யார் முகத்தையும் பார்க்கத் துணியவில்லை.

"இந்த ஆறாவது யாரு வீடு?" மாரியாயி அத்தையின் குரல். அவள் திரைக்கு மிக அருகில் வந்திருந்தாள்.

"ஒங்க வீடுதான் அத்த."

"இந்தச் செவப்பு எங்க வீட்டோட நிக்கலியே. அஞ்சாவதுக்கும் போகுது."

அத்தை திரும்பி, "கருப்பம்மா" என்று என் அம்மாவைக் கூப்பிட்டாள். "ஒன் வீட்டுலயுமா?"

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்தாள். "போன மார்கழிலேருந்து."

"அட பாவி. நான் என் வீட்டுல மட்டும்தான்னு நெனச்சு மெழுகி மெழுகிச் செத்துக்கிட்டிருக்கேன்."

"எங்க வீட்டுலயும் இருக்குக்கா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொன்று. சத்தம் கூடிக்கொண்டே போனது. வீரய்யா மாமா வாயைத் திறந்தார். "குசினி வெட்டினதுக்கு நம்மளத்தான் புடிப்பா—" என்று தொடங்கினார். அத்தை அதை முடிக்கவிடவில்லை. உள்ளே போய்க் கூரை இடுக்கிலிருந்து தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை உருவிக்கொண்டு வந்தாள்.

"எங்கன்னு சொல்லு புள்ள."

திரையைப் பார்த்துச் சொன்னேன். வாசற்படியிலிருந்து நாலடி. அம்மிக்கு இடப்பக்கம் ஒரு சாண். அத்தை தன் காம்பராவுக்குள் முழங்காலிட்டு, காலையில் தானே மெழுகிய தரையில் கத்தியை வைத்து அழுத்தினாள். வாழைத்தண்டில் போவதைப் போலக் கத்தி பிடிவரை இறங்கியது. அவள் அதை இழுத்துக் கிழித்தாள். ஈரச் சாணி தோலாக உரிந்து உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. அவள் கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு வரை போனது.

"தண்ணி ஓடுது உள்ள" என்றாள்.

அம்பலவாணர் மெதுவாக முட்டி மடக்கிக் குனிந்தார். குடையைத் தலைகீழாகப் பிடித்து நுனியை உள்ளே விட்டார். குடை பாதிக்கு மேல் போனது. வெளியே எடுத்தபோது நுனியிலிருந்து சேறு சொட்டியது. அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு ஜூன் மாதம் நினைவுக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

அப்போது பெட்டி ஒரே நீளமாகக் கத்தித் திரை கறுத்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் எழுதிக் கொடுத்தபடி அன்று மாலைக்குள் ஏழு குடும்பமும் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கியது. அம்மா பெட்டியை ஒதுக்கிவிட்டு, கூடையை எடுத்து, அரிசியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பாத்திரங்களையும் அதில் அடுக்கினாள். பெட்டியை நான் தோளில் சுமந்தேன்.

அடுத்த மூன்று நாளும் மழை பெய்யவில்லை. மலையும் விழவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் முப்பத்தொரு பேர், ஒரே கக்கூஸ், பச்சை விறகின் புகை. மூன்றாம் நாள் ஆண்கள் முணுமுணுத்தார்கள். கோழிகளுக்கு யார் தீனி போடுவது? எத்தனை நாளைக்குக் கரும்பலகைக்குக் கீழே படுப்பது?

"மலை பொட்டிக்குள்ளதான் விழுந்துச்சு போல" என்றார் வீரய்யா மாமா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாளைக் காலை பாதிப் பேர் திரும்பிப் போவார்கள் என்று தெரிந்துவிட்டது.

நான் மண்டபத்தின் பின்படியில் போய் உட்கார்ந்து நாலாம் நம்பர் மலையைப் பார்த்தேன். சாயங்கால வெயிலில் அது சாதுவாக இருந்தது. பத்து மாதம் அதற்குப் பயந்தவள், எங்கள் மலை விழக்கூடாது என்று ஒவ்வொரு அங்குலத்தையும் அளந்தவள், இப்போது அதைப் பார்த்து, விழு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆள் இல்லாத இந்த நேரத்தில் விழுந்துவிடு. அம்மாவின் அம்மியும், கோழிகளும், சாமிப்படமும் அங்கேதான் இருந்தன. நான் சொன்னது சரி என்று ஆக வேண்டும் என்பதற்காக அவற்றை மண்ணுக்குள் அனுப்ப எனக்குச் சம்மதமாக இருந்தது. அந்த எண்ணத்தை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அம்மா என்ன செய்வாள்? என்னைப் பார்க்காமல் கயிறு சுருட்டுவாள்.

எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. மணம் வந்தது. அந்த மணத்தை என்னால் இனி வேறு எதுவாகவும் முகர முடியாது. யாரோ லயத்துக்குப் போய்விட்டார்கள், மறுபடி மெழுகுகிறார்கள் என்று எழும்பி ஓடினேன்.

மண்டபத்தின் பக்கவாட்டுத் தாழ்வாரத்தில், மண் தரையில், மாரியாயி அத்தை குந்தியிருந்தாள். மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்திருந்தாள். அதைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குச் சாணி மெழுகிக்கொண்டிருந்தாள். வீரய்யா மாமா பக்கத்தில் நின்று, "நாளைக்குத்தான் போறோமேடி, இதுக்கு எதுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீ போ. ஒன் கையா உள்ள போச்சு?" என்றாள், தலை நிமிராமல். "கருப்பம்மா, ஒனக்கும் இந்தப் பக்கம் மெழுகிறவா?"

அம்மா உள்ளேயிருந்து, "மெழுகு" என்றாள்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தையின் கை அரை வட்டம் அரை வட்டமாகப் போய் வந்தது. தகரக் கூரையில் ஒரு துளி விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று.